கைப்பக்குவம்

கைப்பக்குவம் என்ற சொல்லை நாம் பாராட்டாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். சமையல், வைத்தியம், சீவாளி சீவுவது, கவிதை என்று எங்கே இந்தச் சொல் வந்து விழுந்தாலும் அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கேட்பவன் ரசனை இல்லாதவன் ஆகிவிடுகிறான். இந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று பார்ப்பதைவிட, எதைக் கேட்கவிடாமல் செய்கிறது என்று பார்ப்பது உபயோகமான காரியம் என்று எனக்குச் சமீபத்தில்தான் தோன்றத் தொடங்கியது. காரணம் இலக்கியம் அல்ல, இட்லி மாவு.

கிருஷ்ணன்கோவிலில் என் சித்தி மாவு அரைத்து விற்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகிற சாலையில், வத்திராயிருப்புக்கு வழி பிரிகிற ஊர். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள், அவர்களை நம்பி நடக்கும் மெஸ்கள், சின்னச் சின்னக் கடைகள். விடியற்காலை நாலு மணிக்கு மாவு பொங்கி இருக்க வேண்டும். நாலரைக்குள் மெஸ்களுக்குப் போய்ச் சேர வேண்டும். பொங்காத மாவுக்கும் புளித்த மாவுக்கும் காசு கிடையாது. தொழிலின் முழு நிபந்தனையும் இவ்வளவுதான்.

அவளுடைய முதலீடு முத்ரா திட்டத்தில் சிசு என்ற வகையில் கொடுக்கிற கடன். அதன் உச்ச வரம்பு 50,000 ரூபாய். நான் வங்கியில் குமாஸ்தா. அவள் கடன் வாங்கியது வேறு வங்கியில் என்றாலும் விண்ணப்பத்தைச் சரிபார்க்க என்னிடம் கொண்டுவந்தார்கள். முன் அனுபவம் என்ற கட்டத்தில் தம்பி, அதாவது சித்தியின் மகன், 'இல்லை' என்று எழுதியிருந்தான். சித்தி சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறியில் 22 வருஷம் நின்றவள். அந்த வருஷங்களில் தினமும் வீட்டுக்கும், விசேஷங்களுக்கு ஊருக்கும் மாவு அரைத்தவள். இரண்டுமே அனுபவம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அதே பையன்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்கம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று சொல்கிறவனும். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றுக்கொன்று முரணாக எனக்குப் படவில்லை. ஒன்று மற்றொன்றின் விளைவு என்றே நினைக்கிறேன். கைப்பக்குவம் என்று சொல்லிவிட்டால் அது அனுபவம் ஆகாது, எழுதத் தேவையில்லை.

பத்து லிட்டர் சாய்க்கும் கிரைண்டர் ஒன்று வந்தது. 1955இல் கோவையில் பி. சபாபதி செய்த மாவரைக்கும் இயந்திரத்தின் வம்சம். ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுற்றும். இதில் உரல் சுற்றுகிறது, குழவி நிற்கிறது. கையிலிருந்து பிடுங்கி மோட்டாரிடம் கொடுத்ததில் நடந்த தலைகீழ் மாற்றம் இது. அரைப்பது சுலபமாயிற்று. மிச்ச வேலை எப்போதும் போல இருட்டுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் விடப்பட்டிருந்தது. கார்த்திகை கடைசியில் மலைப்பக்கத்துக் காற்று இறங்கியதும் மாவு அடம்பிடிக்க ஆரம்பித்தது. மார்கழியில் நாலு மணிக்குப் பானையைத் திறந்தால் ராத்திரி வைத்த மட்டத்திலேயே இருந்தது. மெஸ்காரர்கள் இரண்டு பேர் கை மாறிவிட்டார்கள்.

பி.ஏ. ஆங்கிலம் படித்ததற்கு எனக்குக் கிடைத்த நேரடியான பிரயோஜனம் இந்தச் சந்தர்ப்பத்தில்தான். உஷ்ணத்தைப் பிடித்து வைப்பது பற்றி இங்கிலீஷில் தேடினால் வருவது இட்லி அல்ல, பீர். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய அரசுச் சட்டம் 1978இல் இடம் கொடுத்தது. கடைசியாக அலபாமாவும் மிஸிஸிப்பியும் ஒப்புக்கொண்டது 2013இல்தான். இந்த ஆசாமிகள் அடுப்பைவிட்டு மின்சாரத்துக்கு மாறியதிலிருந்து எழுதித் தள்ளியிருக்கிறார்கள். முளைகட்டிய பார்லியை 65 டிகிரி வாக்கில் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. 63இல் வைத்தால் வறண்ட, லேசான பீர்; 70இல் வைத்தால் கனமானது, கொஞ்சம் இனிப்பானது. அதனால் டிகிரிக்கு டிகிரி சண்டை. நீர் இல்லாமல் மின்சூடேற்றியைப் போட்டால் எரிந்துபோகும் என்பதிலிருந்து, உஷ்ணமானியை எங்கே செருகுவது என்பது வரை அவர்கள் எதையும் கைப்பக்குவம் என்று விட்டுவைக்கவில்லை. ஒருவன் தப்பாகப் போனதை நம்பரோடு சொல்கிறான். பத்துப் பேர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். நம்முடைய விமர்சனக் கட்டுரைகளில் இவ்வளவு மரியாதையைப் பார்த்ததில்லை என்று பொறாமையாக இருந்தது.

நம் பக்கத்தில் இந்த எழுத்து ஏன் இல்லை என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம்தான். 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்னும் இருக்கிறது. கள்ளுக்கு 1987 முதல் தடை. மதுவைச் சில்லறையாக விற்பது 2003 முதல் அரசு நிறுவனத்தின் ஏகபோகம். வீட்டில் பீர் காய்ச்சினால் குற்றம். ஒரு குடும்பம் ராத்திரியில் பயமில்லாமல் நொதிக்க விடக்கூடியவை தயிர், பழைய சோறு, மாவு. மூன்றும் பெண்கள் பொறுப்பு. ஆண்கள் பொறுப்பாக இருந்திருந்தால் இதற்குள் நமக்கும் ஒரு சாஸ்திரம் கிடைத்திருக்கும்.

பீர்க்காரர்கள் குளிர்காலத்துக்குச் சொன்ன பெட்டியையே மாவுக்குச் செய்தோம். கம்ப்ரெஸர் செத்துப்போன பழைய ஃபிரிட்ஜ் ஒன்று. குளிரைக் காத்த சுவர் சூட்டையும் காக்கும். உள்ளே அறுபது வாட் இழை பல்பு ஒன்று. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. வீணாகப் போகிறது என்று நாம் குறைசொல்லிக் கைவிட்ட பழைய பல்பின் சூடுதான் இங்கே சரக்கு. வெளியே உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, அதிலிருந்து உள்ளே போகும் ஒயரின் நுனியில் சென்சார். 30 டிகிரிக்குக் கீழே போனால் பல்பு எரியும், எட்டினால் அணையும்.

முதல் ராத்திரி கருவியில் 30 என்று சமர்த்தாக இருந்தது. மாவு எழும்பவில்லை. சென்சார் பல்புக்குப் பக்கத்தில், காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று நிமிஷத்தில் சூடாகும். எவர்சில்வர் பானையில் இருக்கும் மாவு மணிக்கணக்கில்தான் சூடாகும். பானைக்குள் வேறு உஷ்ணமானியை விட்டபோது 24 காட்டியது. சென்சார் பொய் சொல்லவில்லை. தான் இருக்கும் இடத்தின் உஷ்ணத்தைத்தான் சொன்னது. அதைப் பானையின் வெளிச்சுவரில் ஒட்டி, மேலே தெர்மகோல் துண்டு வைத்துக் கட்டினோம். இரண்டாவது கோளாறு: மேல்தட்டுப் பானை வழிந்தது, கீழ்த்தட்டு அப்படியே கிடந்தது. சூடு மேலே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பல்பு மேலே இருந்தது. அதைக் கீழே இறக்கி, பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த சின்ன விசிறி ஒன்றைச் சுற்றவிட்டதும் இரண்டு பானையும் ஒரே மட்டம். மூன்றாவது, கருவிக்குள் ரிலே நொடிக்கு ஒருதரம் டிக்டிக் என்று அடித்துக்கொண்டது. எரிவதற்கும் அணைவதற்கும் நடுவே ஒரு டிகிரி இடைவெளி விட்டதும் அடங்கியது. ஈரத் தரையில் நின்று வேலை செய்கிற இடமாதலால், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்றைப் போடச் சொன்னேன். செலவு என்று முனகினார்கள். போட்ட பிறகு, கிரைண்டரைக் கழுவிய கையோடு ஓட்டிய ஒருநாள் அது விழுந்தது. அன்றிலிருந்து யாரும் முனகவில்லை.

இவ்வளவும் ஒரு நோட்டில் எழுதப்பட்டது. தேதி, அறை உஷ்ணம், அரைத்து இறக்கும்போது மாவின் உஷ்ணம், அரைக்க எடுத்த நேரம், நாலு மணிக்கு மட்டம், கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம். எண்கள் தம்பியின் பொறுப்பு. மற்றவையில் சித்தி என்ன சொன்னாலும் அதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது நான் போட்ட ஒரே விதி.

தை மாதம் முழுக்க மாவு அபாரமாகப் பொங்கியது. போன மெஸ்காரர்கள் திரும்பி வந்தார்கள். பங்குனியில் விழுந்தது அடி. பெட்டியை நிறுத்தியாயிற்று, வெயிலுக்குப் பெட்டி எதற்கு? ஆனாலும் நாலு மணிக்குள் மாவு புளித்து, உச்சிக்கு ஏறி இறங்கிய அடையாளமாக நடுவே குழிந்து கிடந்தது. ஆளாளுக்கு ஒரு காரணம். உளுந்து பழசு, உப்பு முன்னாலேயே போட்டது, தண்ணீர் மாறியது. உறவில் ஒரு மாமா, "மிஷின் வந்துச்சு, கைப்பக்குவம் போச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். மாதாமாதம் கட்ட வேண்டிய தவணை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்காது. ஒரே வாரத்தில் மூன்று நாள் மாவைக் கொட்டினார்கள்.

உளுந்தை மட்டும் மாற்றிப் பார்த்தோம், அப்படியேதான். உப்பை மட்டும் காலையில் போட்டுப் பார்த்தோம், கொஞ்சம் தாமதமாகப் புளித்தது, அவ்வளவே. பிறகு நோட்டைப் பின்னோக்கிப் படித்தோம். கார்த்திகையில் உளுந்தும் அரிசியுமாக அரைக்க ஒன்றரை மணி நேரம். மாவு இறங்கியது 29 டிகிரியில். பங்குனியில் இரண்டே கால் மணி நேரம். மாவு இறங்கியது 38இல். பானை நிறைய 38 டிகிரி மாவு, அறை 33. அது ஆறுவதற்கு முன்பே நுண்ணுயிர்கள் தங்கள் ராத்திரி வேலையை முடித்துவிட்டிருந்தன. சரி, அரைக்கிற நேரம் ஏன் நீண்டது? தை 9ஆம் தேதி, 'மற்றவை' கட்டத்தில் தம்பியின் கையெழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: "கல்லு அழுகுது." தை 17: "இன்னைக்கும் அழுகுது, சாயங்காலம்தான்." மாசி 4: "மெக்கானிக் வந்தார். காலையில் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார்."

"அழுகுதுன்னா என்ன சித்தி?" என்று கேட்டேன்.

"சுத்துறது ஒரு சத்தம்ய்யா, வழுக்குறது ஒரு சத்தம். பெல்ட்டு புடிக்காம வழுக்குனா தறியில நூலு தளர்ந்து அறுகுறதுக்கு முன்னால இழுக்குமே, அது கணக்கா. சாயங்காலம் லைட்டு மங்குறப்ப சாஸ்தி."

சாயங்காலம் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்ததில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 185. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரின் திருகுவிசை அதைவிட வேகமாகக் குறையும். ஏற்கனவே தளர்ந்திருந்த பெல்ட்டை அது இழுக்கத் திணறியது, பெல்ட் வழுக்கியது, கல் மெதுவாகச் சுற்றியது, உராய்வின் சூடெல்லாம் மாவில் இறங்கியது. காலையில் வந்து பார்த்த மெக்கானிக்குக் காலையின் கல்தான் கேட்டிருக்கிறது. பெல்ட்டை மாற்றி இறுக்கி, அரைப்பதை மத்தியானம் மூன்று மணிக்கு நகர்த்தி, உளுந்துக்குக் குளிர்ந்த தண்ணீர் விட்டதும் மாவு 31இல் இறங்கியது. அறையின் குளிர்ந்த மூலையில் பானையை ஈரத்துணி சுற்றி வைத்ததில் நாலு மணிக் கணக்கு சரியாக வந்தது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பங்குனியின் தோல்வி அல்ல, தையின் வெற்றி. அந்த மாதம் மாவு அபாரமாகப் பொங்கியதில் பெட்டிக்கு ஒரு பங்கு, தளர்ந்த பெல்ட்டுக்கு ஒரு பங்கு. குளிர்காலத்தில் கோளாறே உபகாரமாக இருந்திருக்கிறது. தோல்விக்குக் காரணம் தேடுகிறோம். வெற்றிக்குக் கைப்பக்குவம் என்று பெயர் வைத்துவிட்டு எழுந்துபோகிறோம். நம்மிடம் கொண்டாடப்படும் எத்தனை கவிதைத் தொகுதிகள் அவற்றின் பெல்ட் தளர்ந்திருந்ததாலேயே ஒரு பருவத்துக்குப் பொங்கியவை என்று யாரும் நோட்டைத் திருப்பிப் பார்த்ததில்லை.

கை பற்றிய விஷயத்தையும் சோதித்துவிட்டோம். மாவைக் கரைக்கும் கையின் சூடும் அதில் உள்ள ஏதோ ஒன்றும்தான் பொங்க வைக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. 1965இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இட்லி மாவை எழுப்புவது லூகோனாஸ்டாக் மெஸன்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று காட்டியது; அது உளுந்திலேயே இருந்து வருவது. உளுந்தின் கோந்துத்தன்மை அது உண்டாக்கும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரே நாள் அரைத்த ஒரே மாவைப் பாதி சித்தி கையால் கரைத்தும் பாதி கரண்டியால் கலக்கியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மூன்று நாளும் நாலு மணிக்கு இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. தம்பிக்குச் சங்கடமாகிவிட்டது, அம்மாவின் பெருமையில் கைவைத்த மாதிரி. சித்தி சாதாரணமாகச் சொன்னாள்: "கை ராசி, கைப் பக்குவம்னு பேசுனதெல்லாம் நீங்கதானய்யா. நான் என்னிக்காவது சொன்னனா? நான் கல்லு அழுகுதுன்னுல்ல சொன்னேன்."

இதற்குப் பதில் அந்த வீட்டில் யாரிடமும் இல்லை. அவளிடம் இருந்தது அறிவு. 22 வருஷம் விசைத்தறிகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரு தறியின் சத்தம் பிசகுவதைப் பிரித்துக் கேட்ட காது. அதற்குச் சம்பளம் உண்டு, சத்திரப்பட்டியில் வாங்கினாள். வீட்டுக்குள் வந்ததும் அதே காதைக் கைக்கு மாற்றி, கையை ராசியாக்கி, ராசிக்கு ஒரு புகழ்ச்சியைக் கொடுத்துவிட்டோம். புகழ்ச்சி மலிவானது. புகழப்பட்டவளிடம் கேள்வி கேட்க வேண்டியதில்லை, அவள் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை, விண்ணப்பத்தில் 'இல்லை' என்று எழுதலாம்.

தமிழ் விமர்சனத்தில் ஒரு பழைய தகராறு உண்டு. க.நா.சு. ரசனையைப் பிரதானமாக வைத்தார், சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய 'எழுத்து'வில் அலசல் முறைக்காக வாதாடினார். அவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் இரண்டு கட்சியாகி, ரசனைக்காரன் கணக்குப் பார்ப்பவனைக் கசாப்புக்காரன் என்றும், அலசுகிறவன் ரசிகனைப் பஜனைக்காரன் என்றும் திட்டிக்கொண்டாயிற்று. எனக்குத் தோன்றுவது இதுதான்: உஷ்ணமானி இல்லாமல் "கல்லு அழுகுது" என்பது ஒரு மூதாட்டியின் பேச்சு என்று ஒதுக்கப்பட்டிருக்கும், ஒதுக்கத்தான் செய்தார்கள். அந்த வாக்கியம் இல்லாமல் உஷ்ணமானி 38 என்று மட்டும் காட்டிக்கொண்டு நின்றிருக்கும், ஏன் என்று சொல்லியிருக்காது. ரசனை என்பது அலசலுக்கு எதிரி அல்ல. அலசலுக்குக் கிடைக்கிற முதல் தகவல். ஒரு கவிதை எந்த இடத்தில் வழுக்குகிறது என்று காது சொல்லும். சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டு, எந்த நேரத்தில், எந்த வரியில், எது தளர்ந்ததால் என்று தேடிப் போவது விமர்சகனின் வேலை. காது சொன்னதை உள்ளொளி என்று கொண்டாடிவிட்டு நிறுத்துபவன், அந்த மாமாவைப் போல, தீர்ப்பை மட்டும் வைத்திருக்கிறான்.

எல்லாவற்றையும் எண்ணாக்கிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பானை மூடியைத் திறந்ததும் வருகிற வாசனையில் இன்னும் எத்தனை நேரம் தாங்கும் என்று சித்தி சொல்கிறாள். அதற்கு எங்கள் நோட்டில் கட்டம் இல்லை. ஆனால் கட்டம் இல்லை என்பது அது ரகசியம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. ரகசியமாக இருந்தால் சொல்லிக்கொடுக்க முடியாது. அவள் சொல்லிக்கொடுக்கிறாள். வேலைக்கு வந்திருக்கும் பெண்ணைக் கிரைண்டர் பக்கத்தில் உட்கார வைத்து, கல் சுற்றுவது, மாவு இறுகிக் கல் முனகுவது, பெல்ட் வழுக்குவது என்று மூன்று சத்தங்களைப் பிரித்துக் காட்டுகிறாள். மூன்றாவது வாரத்தில் அந்தப் பெண் இரண்டைச் சரியாகச் சொல்லிவிட்டாள்.